ஆத்துத் திருவிழா தகரப் படகு இன்னும் எங்காவது விற்கிறதா?

கெடிலக்கரை (தை பிறக்க 3 நாள்)

பொங்கல் பானை எடுக்கப் பரணில் ஏறினேன். பானைக்கு முன்னால் ஒரு பழைய பிஸ்கட் டப்பா கையில் தட்டியது. உள்ளே ஏழெட்டுக் கோலி, ஆணி கழன்ற பம்பரம் ஒன்று, அப்புறம் உள்ளங்கை நீளத்தில் துருவேறிய தகரப் படகு. மேல்கூரை போய்விட்டது. சிவப்புப் பெயின்ட் ஓரத்தில் மட்டும் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கிறது. பின்பக்கம் இரண்டு சின்னக் குழாய். மூக்கருகில் கொண்டுபோனால் சிக்குப் பிடித்த எண்ணெய் வாசனை, 38 வருஷத்துக்கு அப்புறமும்.

பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். படகுக்குள் வைக்க ஒரு குட்டித் தகரக் கரண்டி வரும். அதில் பஞ்சுத் திரி, நாலு சொட்டு எண்ணெய். பற்ற வைத்து அன்னக்கூடைத் தண்ணீரில் விட்டால் அரை நிமிஷம் சும்மா நிற்கும். பிறகு ஒரு 'டொப்'. கொஞ்சம் விட்டு இன்னொரு 'டொப்'. அப்புறம் தையல் மெஷின் மாதிரி டொப்டொப்டொப்டொப் என்று பிடித்துக்கொண்டு தானே ஓடும். சாவி கிடையாது, பேட்டரி கிடையாது.

வாங்கியது கடலூர் ஆல்பேட்டையில், பெண்ணையாற்று மணலில். தை 5 அன்று சுற்றுப்பட்டுச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு ஆற்றுக்கு வரும். அப்பாவுக்குத் திருவிழா என்றால் சுருளிக் கிழங்கு. மண்ணோடு கூறு போட்டு விற்பார்களே, அது. கிழங்குப் பை நிறைந்த பிறகுதான் எங்கள் பக்கம் திரும்புவார். அதற்குள் நானும் தம்பியும் பொம்மைக் கடைக்காரரின் தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். அதில் ஒரு படகு ஓயாமல் வட்டம் அடித்துக்கொண்டே இருக்கும்.

இந்த வருஷத் திருவிழாவுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. இப்போதும் அது விற்கிறதா? இல்லையென்றால் இந்தப் பழசை ஓட வைக்க வழி உண்டா?

பாண்டிக்காரன்

எங்கள் கரையிலும் அதே நாளில்தான் சார். நீங்கள் அந்தப் பக்கம் ஆல்பேட்டை, நாங்கள் இந்தப் பக்கம் சோரியாங்குப்பம். அன்று உங்கள் ஊர்ப் பெரியவர்கள் நிறையப் பேர் ஆற்றைத் தாண்டி இங்கே வருவார்கள். பொம்மை வாங்கத்தான் வந்தார்கள் என்று யாரும் நம்ப மாட்டார்கள்!

தகரப் படகு எங்கள் தெருவிலும் உண்டு. ஆனால் எங்களுக்கு ஏக்கம் வேறு. பக்கத்து வீடு சொல்தா வீடு. தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், பென்ஷன் அங்கேயிருந்து வரும். மகன்கள் பாரீஸில். இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் அவர்கள் வந்து பெட்டியைத் திறந்தால் தெருப் பிள்ளைகள் முழுக்க ஜன்னலில் தொங்குவோம். கதவு திறக்கும் இரும்புக் கார், உள்ளே ஸ்டியரிங் வரைக்கும் இருக்கும். ஒரு ஆள் ஒரு தடவைதான் உருட்டலாம். ரோடியர் மில் சங்கு ஊதினால் விளையாட்டு முடிந்தது, கார் திரும்பவும் பெட்டிக்குள். அந்த மில்லையும் 2020இல் மூடிவிட்டார்கள். 1898இல் தொடங்கியது. சங்கைக் கேட்டு உலை வைத்த வீடுகள் பாண்டியில் எத்தனை!

வாத்தியார்

பழசை ஓட வைக்கலாம், அதற்கு முதலில் அது எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டும். எட்டாம் வகுப்புக்கு நான் இதைத்தான் வைத்து நீராவி சொல்லிக்கொடுப்பேன்.

படகின் வயிற்றில் மெல்லிய தகட்டால் ஒரு சின்ன அறை. அதிலிருந்து இரண்டு குழாய் பின்னால் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். கீழே விளக்கு எரிந்ததும் அறைத் தண்ணீர் ஆவியாகிக் குழாய்த் தண்ணீரைப் பின்னால் தள்ளும், படகு முன்னால் போகும். தள்ளிய ஆவி குழாயின் குளிர்ந்த பகுதிக்கு வந்ததும் சுருங்கித் தண்ணீராகிவிடும். உள்ளே வெற்றிடம். வெளித்தண்ணீர் உள்ளே ஏறும். திரும்பவும் சூடு, திரும்பவும் தள்ளல். ஒவ்வொரு முறையும் மேல்தகடு உப்பிச் சுருங்குவதுதான் அந்த 'டொப்'.

இங்கே கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தி கேட்பாள்: வெளியே தள்ளும்போது முன்னால் போனால், உள்ளே இழுக்கும்போது பின்னால் வர வேண்டுமே சார்? வராது. தள்ளும் தண்ணீர் ஒரே கோடாகப் பின்னால் பீறிடும். இழுக்கும் தண்ணீர் நாலாபக்கமும் இருந்து வரும். ஊதி மெழுகுவத்தியை அணைக்கலாம், உறிஞ்சி அணைக்க முடியுமா? முயன்று பாருங்கள்.

கெடிலக்கரை, உங்கள் படகில் குழாய் அடைத்திருக்கும், இல்லை தகடு ஓட்டையாகியிருக்கும். ஒரு குழாயில் வாய் வைத்து ஊதிப் பாருங்கள். இன்னொன்றில் காற்று வந்தால் பாதிப் பிழைப்பு உண்டு. 1891இல் தாமஸ் பியோ என்ற பிரெஞ்சுக்காரர் இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். நம் மணலுக்கு எந்த வழியாக வந்ததோ.

பாண்டிக்காரன்

பிரெஞ்சுக்காரரா? அப்போ படகு எங்கள் ஊருக்குத்தான் சொந்தம். வழக்கு முடிந்தது.

நெல்லிக்குப்பத்தான்

எல்லாரும் பொம்மையே பேசினால் வாய்க்கு என்ன வேலை? எங்கள் ஊர் சர்க்கரை ஆலை 1842இல் வந்தது. சீசனில் காற்று திரும்பினால் தெரு முழுக்கப் பாகு வாசனை. வெளியூர் மாப்பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு அது அம்மா புடவை வாசனை மாதிரி.

பாரி மிட்டாய்க் கம்பெனியும் எங்கள் ஊர்தான். காஃபி பைட், லாக்டோ கிங் எல்லாம் அவர்கள் சரக்கு. 2004இல் கொரியாவின் லோட்டே வாங்கியது. அந்தக் காஃபி பைட்டைக் கடிக்கக் கூடாது, அண்ணத்தில் ஒட்டவைத்து நாக்கால் தேய்க்க வேண்டும். பள்ளிக்கூட வாசலில் ஏறினால் பிரேயர் முடியும் வரை வரும். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மிட்டாயைவிட ருசி கரும்பு வண்டிதான். ஆலைக்குப் போகும் மாட்டு வண்டிக்குப் பின்னால் சைக்கிளில் போய், ஒரு கையால் ஹாண்டில், ஒரு கையால் கரும்பு. நுனியைப் பிடித்து இழுத்தால் வராது. அடிப்பக்கத்தைப் பிடித்து ஒரு திருகு திருகி உருவ வேண்டும். வண்டிக்காரருக்குத் தெரியும். இரண்டு வரைக்கும் திரும்ப மாட்டார். மூன்றாவதுக்குச் சாட்டை வரும்.

தேவனாம்பட்டினம்

எங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருந்தது. 2004 டிசம்பர் 26இல் கடலோடு போனது. அதில் அம்மா எனக்கு வாங்கிய பனையோலைக் கிலுகிலுப்பை இருந்ததா இல்லையா என்று எனக்கும் அக்காவுக்கும் இன்றைக்கும் சண்டை. உங்களுக்குப் பரண் இருக்கிறது, பத்திரமாக வையுங்கள்.

கெடிலக்கரை

தேவனாம்பட்டினம், என்ன சொல்வது என்று தெரியவில்லை. கிலுகிலுப்பை இருந்தது என்றே நானும் சொல்கிறேன்.

வாத்தியார் சார், ஊதிப் பார்த்தேன். ஒரு குழாயில் காற்று வருகிறது, கூடவே ஒரு செத்த எறும்பும். தகட்டில் ஊசிமுனை ஓட்டை இருக்கிறது போல, 'உஸ்' என்கிறது.

நெல்லிக்குப்பத்தாரே, ஒன்று கேட்டீர்களே, வாய்க்கு. எனக்கு 5 பைசா ஞாபகம் வருகிறது. சதுரமாக, மூலை மழுங்கி, வெயிலில் வைத்தால் சுடும் அலுமினியம். 10 பைசா பூ மாதிரி நெளி நெளியாக. பெட்டிக்கடையில் 10 பைசாவுக்குத் தேன் மிட்டாய் வாங்கி, அடியில் ஒரு ஓட்டை போட்டுப் பாகை உறிஞ்சிவிட்டு, சக்கையைத் தம்பிக்குக் கொடுப்பேன். அவன் அது அப்படித்தான் இருக்கும் என்று ரொம்ப நாள் நம்பினான். 2011 ஜூனோடு 25 பைசா வரைக்கும் செல்லாது என்று ஆனபோது தம்பி போன் பண்ணினான்: "இனிமே என்னை ஏமாத்த உனக்குக் காசே இல்ல."

ராத்திரி இலங்கை வானொலி. கடல் தாண்டி அவ்வளவு தெளிவாக எடுக்கும். அப்துல் ஹமீது குரல் கேட்டால் அப்பா சோற்றுக் கையோடு நின்றுவிடுவார். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் எதிர்வீட்டுத் திண்ணையில். அந்த மாதிரி காலம் இனி வராது. இப்போதுள்ள பிள்ளைகளுக்கு என்ன தெரியும், போனைத் தேய்ப்பதைத் தவிர?

உப்பனாறு

இழையை முதலிலிருந்து படித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று கவனித்தீர்களா? படகு ஓட்டியது, கரும்பு உருவியது, ஜன்னலில் தொங்கியது எல்லாம் யார்? அந்த மாதிரி காலம் வராது என்கிறீர்கள். யாருக்கு வராது?

நெல்லிக்குப்பத்தான்

ஏன் அண்ணே, உங்களுக்கு முதுநகர்ப் பக்கம் கரும்பு வண்டி வராதா? துறைமுகத்தில் வேற ஏதாவது உருவியிருப்பீர்களே!

உப்பனாறு

நான் அண்ணன் இல்லை. வயசு 49, முதுநகரில் பிறந்து வளர்ந்த பெண்பிள்ளை.

ஆத்துத் திருவிழாவுக்கு நாங்களும்தான் போவோம். அண்ணனுக்குப் படகு. எனக்கு ஜடைக்கு ரிப்பன், கண்ணாடி வளையல் ஒரு டஜன். நான் படகைக் காட்டினால் "அது எதுக்குடி உனக்கு, நெருப்பு சமாச்சாரம்" என்பார் அப்பா. அதே நெருப்பில் எட்டு வயசிலிருந்து விறகடுப்பு ஊதினேன், அது யாருக்கும் நெருப்பாகத் தெரியவில்லை. அண்ணன் கிணற்றடித் தொட்டியில் படகு விடுவான். எனக்கு வேலை, திரி அணையாமல் பாவாடையால் காற்று மறைப்பது. தொட்டால், "ஏய், என் படகைத் தொடாதே!" சத்தத்தை மட்டும் நான் கேட்டிருக்கிறேன். அதனால்தான் உங்கள் 'டொப்' எனக்கும் அப்படியே காதில் விழுந்தது.

எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அவன் நல்லவன்தான், இப்போது திருப்பூரில் இருக்கிறான். சொல்லத் தோன்றியது, சொன்னேன்.

நெல்லிக்குப்பத்தான்

மன்னிக்கணும் அக்கா. அண்ணே என்றதற்கும் சேர்த்து.

பொம்மைக்காரர் மகள்

உப்பனாறு அக்கா சொன்னதற்குக் கொஞ்சம் சேர்க்கிறேன். நான் வண்டிப்பாளையம். கொலு பொம்மை செய்யும் வீடு. உங்களுக்கெல்லாம் பொம்மை என்றால் விளையாட்டு. எங்களுக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வேலை. காகிதக் கூழில் கிழங்கு மாவு சேர்த்துப் பிசைந்து அச்சில் அடைப்பது பெரியவர்கள். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது பிள்ளைகள். நூறு செட்டியாருக்குத் தொப்பை தேய்த்தால் நம் விரல் ரேகை போய்விடும். கண் எழுதுவது மட்டும் தாத்தா. அவர் கண் எழுதும்போது யாரும் பேசக் கூடாது.

வீடு நிறையப் பொம்மை, விளையாட ஒன்று கிடையாது. மூக்கு உடைந்தது, கை ஒடிந்ததுதான் எங்களுக்கு. ஒரு முருகர், மயில் இருக்கும், அவர் இருக்க மாட்டார். அந்த மயிலுக்கு நான் கல்யாணமே பண்ணி வைத்திருக்கிறேன். ஆனாலும் சொல்கிறேன், அந்த மயில் மாதிரி எனக்கு அப்புறம் எதுவும் வாய்க்கவில்லை. ஏக்கம் வருவதற்குக் காலம் நன்றாக இருந்திருக்க வேண்டும் என்று ஒன்றும் கட்டாயமில்லை போல.

இருபத்தாறு

பெரியவங்களே, போனைத் தேய்க்கும் கூட்டத்திலிருந்து ஒருவன். எங்களுக்கும் பழசு இருக்கிறது. 2007இல் சுட்டி டிவி வந்தபோது நான் சின்னப் பையன். ஸ்கூல் விட்டு ஓடிவந்து ஷூவைக் கழற்றாமல் அதன் முன்னால் உட்காருவேன். பேபிளேடு சுற்ற மொட்டை மாடியில் பிளாஸ்டிக் டப்பை கவிழ்த்து... அது உங்கள் பம்பரம்தான், சாட்டைக்குப் பதில் பல்லு வைத்த பட்டை. டிரம்ப் கார்டில் மல்யுத்த வீரர்களின் நெஞ்சளவு இன்றைக்கும் மனப்பாடம், கெமிஸ்ட்ரி ஃபார்முலா ஒன்றுகூட இல்லை.

அப்புறம் பஞ்சு மிட்டாய். சில்வர் பீச்சில் மணி அடித்துக்கொண்டு வருவாரே. 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியில் தடை, அதே மாதம் தமிழ்நாட்டிலும். ரோடமைன் பி என்ற துணிச்சாயம் கலந்திருந்ததாம். அவ்வளவு நாள் நாங்கள் நாக்கை நீட்டி யாருடையது ரொம்ப ரோஸ் என்று போட்டி வைத்தோம். சாயப்பட்டறைப் போட்டி!

பாண்டிக்காரன்

தம்பி, உனக்குப் பஞ்சு மிட்டாய் ஒன்றுதான். நாங்கள் தின்ற ஜவ்வு மிட்டாய்க்கும் சேமியா ஐஸுக்கும் என்ன சாயம் போட்டார்களோ, சோதிக்க அன்றைக்கு யாரும் வரவில்லை. மூங்கில் கம்பு உச்சியில் பொம்மை கைதட்டும், கீழே ரோஸும் வெள்ளையுமாகச் சவ்வு. அதை இழுத்துக் கையில் வாட்ச் கட்டிவிடுவார். அவர் கையைக் கழுவி நான் பார்த்ததில்லை. அழுக்கோடு நக்கி முடித்தோம். எல்லாரும் நன்றாக இருக்கிறோமே என்று சொல்ல வந்தேன், போன வருஷம் போட்ட ஸ்டென்ட் ஞாபகம் வந்தது, விட்டுவிட்டேன்.

வாத்தியார்

சாயம் கெடுதல்தான், அதில் ஏக்கம் வேண்டாம். சாயம் போடாத வெள்ளைப் பஞ்சு மிட்டாய் கிடைத்தால் வாங்கித் தின்னுங்கள்.

என் பங்குக்கு ஒன்று. ஃபியூஸ் போன குண்டு பல்பின் அடியைத் தட்டி உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுத் தண்ணீர் நிரப்புவோம். அதுதான் லென்ஸ். தியேட்டர் ஆபரேட்டர் வெட்டி எறிந்த பிலிம் துண்டு, வாசலில் ஒருவன் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பிடித்து ஓட்டை வழியாக உள்ளே அடிப்பான், சுவரில் தாத்தா வேட்டி. படம் தலைகீழாக விழும், அதனால் பிலிமைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். ஒருநாள் பல்பை ரொம்பக் கிட்டே கொண்டுபோய் வெயில் ஒரு புள்ளியாகக் குவிந்து, நாயகனின் நெற்றியில் ஓட்டை, பின்னால் வேட்டியிலும் ஓட்டை. அதற்கு வாங்கிய அடியில்தான் குவியத் தூரம் புரிந்தது. கூட இருந்தவன் இரும்புக்கை மாயாவி ரசிகன். 1972இல் முத்து காமிக்ஸின் முதல் புத்தகமாக வந்தாரே, மின்சாரம் பட்டால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும் ஆசாமி. இவன் பிளக்கில் விரல் விட்டான். மறையவில்லை, கத்தினான்.

தேவனாம்பட்டினம்

நாளைக்கு ஆத்துத் திருவிழா. போகிறவர்கள் வந்து எழுதுங்கள். நான் கடையில் இருக்க வேண்டும்.

கெடிலக்கரை (தை 6)

போனேன். ஆல்பேட்டையில் நல்ல கூட்டம். சாமிகள் வரிசையாக நின்றன. கிழங்கு கிடைத்தது. அப்பா போய் ஆறு வருஷமாகிறது, இருந்தாலும் முதலில் கிழங்குதான் வாங்கினேன். பொம்மைக் கடை முப்பதுக்கு மேல் இருக்கும். சோப்புக் குமிழித் துப்பாக்கி, லைட் எரியும் கொம்பு, பிளாஸ்டிக் ஜேசிபி, எங்கு பார்த்தாலும் ஜேசிபி. தகரப் படகு என்றால் கடைக்காரப் பையன், "அது என்ன அங்கிள், ஸ்பீட் போட்டா?" என்றான். ஒரு பெரியவர் மட்டும் சிரித்தார். "கேக்க ஆள் இல்ல சார், பத்து வருஷமாச்சு தூக்கிட்டு வந்து."

பாண்டிக்காரன்

இங்கே சோரியாங்குப்பத்தில் நாலு இருந்தது! ஒரு அம்மா தாம்பாளத்தில் விட்டுக்கொண்டிருந்தார். 120 சொன்னார், 100க்கு முடித்தேன். நாலையும் வாங்கிவிட்டேன். ஒன்று எனக்கு, ஒன்று கெடிலக்கரை சாருக்கு, ஒன்று உப்பனாறு அம்மாவுக்கு. நாலாவது தேவனாம்பட்டினத்துக்கு, கிலுகிலுப்பைக்குப் பதிலாக. முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். காசு வேண்டாம், சுருளிக் கிழங்கு இருந்தால் கொடுத்தனுப்புங்கள்.

உப்பனாறு (தை 11)

படகு வந்தது. பாண்டிக்காரர் அண்ணனுக்கு நன்றி. (நீங்கள் அண்ணன்தானே?)

முதல் நாள் ஓடவில்லை. விளக்கு எரிகிறது, படகு கல் மாதிரி நிற்கிறது. இரண்டு தரம் என் விரல் சுட்டது. அப்பா சொன்ன நெருப்பு சமாச்சாரம் நிஜம்தான். வாத்தியார் சார், இத்தனை விளக்கம் சொன்ன நீங்கள் குழாயில் முதலில் தண்ணீர் நிரப்ப வேண்டும் என்று சொல்லவில்லையே! மகள் எங்கோ தேடிப் பார்த்துச் சொன்னாள். ஊசி போட்ட சிரிஞ்சால் ஒரு குழாயில் தண்ணீர் ஏற்றினேன். அடுத்த குழாயில் வழிந்ததும் இரண்டையும் விரலால் பொத்திக்கொண்டு அன்னக்கூடையில் இறக்கினேன். பாவாடைக்குப் பதில் நைட்டியால் காற்று மறைத்தேன்.

டொப்.

திருப்பூருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை, போனைத் தண்ணீர்ப் பக்கமாகப் பிடித்தேன், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் அண்ணன் சொன்னான்:

"ஏய், என் படகைத் தொடாதே."